முழங்கால் காயம் காட்டிய புதிய பாதை

"இனிமேல் இதைச் செய்யக்கூடாது" என்று வைத்தியர் சொல்லும்போது, தான் எதற்குமே உதவாதவளாகிவிட்டேன் என்று எண்ணிச் சோர்ந்துபோகும் பெண்கள் பலர். ஆனால் ஒன்றைச் செய்யக்கூடாது என்பதற்கும் எதையுமே செய்யமுடியாது என்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் என்ற பெண்ணின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம்.

1982ஆம் ஆண்டு பிறந்த அன்னமீக், இளவயதில் உதைபந்தாட்டம் விளையாடி வந்தார். முழங்காலில் ஏற்பட்ட காயம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. காயம் தேற சைக்கிள் ஓடுவது நல்லது என அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. உதைபந்தாட்டத்தில் ஓட்டமும் திடீர்த் திருப்பங்களும் முழங்காலை வருத்தும். சைக்கிளிலோ உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்ள, கால் ஒரே சீராகச் சுழலும். சிகிச்சையாக ஏறிய சைக்கிளே அவரது வாழ்க்கையாயிற்று.

பிந்தித் தொடங்கிய பயணம்

சர்வதேசப் போட்டிகளில் ஓடும் பலர் சிறுவயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவர். அன்னமீக்கோ பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் துறையில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். அவர் தொழில்முறை அணியொன்றில் இணைந்தபோது வயது 25. அடுத்த சில ஆண்டுகளில், 2011இல், பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ஃபிளாண்டர்ஸ் ஓட்டத்தில் வெற்றி பெற்றார்.

2016 ஓகஸ்ட் 7ஆம் திகதி ரியோ ஒலிம்பிக் வீதி ஓட்டப் போட்டி. மலையிலிருந்து இறங்கும் பாதையில் அன்னமீக் முன்னணியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். முடிவிடத்துக்கு இன்னும் சுமார் 10 கிலோமீற்றர்தான். ஒரு வளைவில் நிலைதடுமாறி வீதியோரத்தில் தூக்கி வீசப்பட்டார். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் மூன்று சிறு முறிவுகள், மூளையிலும் அதிர்ச்சி. தங்கப்பதக்கம் அவரது நாட்டையே சேர்ந்த அன்னா வான் டெர் பிரெகனுக்குக் கிடைத்தது. அன்னமீக் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

அடுத்த ஆண்டு, நோர்வேயின் பேர்கன் நகரில் நடந்த உலக சம்பியன்ஷிப் போட்டியில், நேரத்துக்கு எதிராகத் தனித்தனியாக ஓடும் பிரிவில் அவரே உலக சம்பியன். 2019இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில், சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தைத் தன்னந்தனியாக ஓடி வீதி ஓட்டத்திலும் உலக சம்பியனானார்.

வெற்றி என்று நினைத்த தோல்வி

கொரோனாவால் ஓராண்டு பிந்தி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், முடிவுக்கோட்டைக் கடந்ததும் தாமே வென்றதாக எண்ணி கைகளை உயர்த்தினார். ஆனால் ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோபர் 75 செக்கன்களுக்கு முன்னரே முடித்திருந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த ஏமாற்றம் அது. மூன்று நாட்களின் பின், தனிநபர் நேர ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

ஆண்களுக்கான 'டூர் டி பிரான்ஸ்' 1903 முதல் நடந்து வருகிறது. பெண்களுக்கு எண்பதுகளில் சில ஆண்டுகள் நடந்து நின்றுபோன அப்போட்டி, 2022இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது. அதில் முதலிடம் பெற்றவர் அன்னமீக். அதே ஆண்டு செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் நகரில் விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. இருக்கையிலிருந்து எழுந்து மிதிப்பதே சிரமம். சக வீராங்கனைகளுக்கு உதவும் எண்ணத்துடன் ஓடியவர், கடைசிக் கட்டத்தில் எல்லோரையும் முந்தி மீண்டும் உலக சம்பியனானார். அப்போது அவருக்கு 40 வயது நிறைவடைய இரு வாரங்களே இருந்தன. 2023இல் ஓய்வு பெற்றார்.

மனவுறுதி மட்டும் போதுமா?

இத்தகைய கதைகளைச் சொல்லி, "மனவுறுதி இருந்தால் எல்லாம் முடியும்" என்று காயமுற்ற பெண்களுக்குப் போதிப்பவர்கள் உண்டு. அது நியாயமல்ல. வலி குறையாத பெண்ணுக்கு, வலியுடன் சேர்த்துக் குற்றவுணர்வையும் அது தந்துவிடும். அன்னமீக்கிடம் மனவுறுதி இருந்தது உண்மை. அதனுடன் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தது. ஓய்வு கிடைத்தது. துணைநிற்க ஓர் அணியும் இருந்தது. இவை எல்லாப் பெண்களுக்கும் உரியவை, கேட்டுப் பெறவேண்டியவை.

அவர் பழைய விளையாட்டுக்குத் திரும்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முழங்கால் இடங்கொடுத்த வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே சகோதரிகளே, வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ செல்லும்போது, "நான் எதைச் செய்யக்கூடாது?" என்ற கேள்வியுடன் எழுந்துவிடாதீர்கள். "நான் எதைச் செய்யலாம்?" என்றும் கேளுங்கள். முதற் கேள்விக்கான பதில் உடலைப் பாதுகாக்கும். இரண்டாவதற்கான பதிலிலிருந்து வாழ்க்கை மீண்டும் தொடங்கலாம்.