தஞ்சையும் மூளைக் காய்ச்சலும்

காவேரி கடைமடை வரை பாய்ந்துவிட்டால் தஞ்சைத் தரணிக்குக் குறைவில்லை என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆயினும், நீர் தேங்கிய வயலில் நெல்லோடு கொசுவும் விளைகிறது என்பதை மறுப்பதற்கில்லை. கும்பகோணத்து யானைக்கால் நோயைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அரியர். அது சாக்கடையில் பிறக்கும் கொசுவால் வந்த தீங்கு. வயலில் பிறக்கும் க்யூலெக்ஸ் இனக் கொசுக்களோ வேறொரு கொடிய நோய்க்கு வாகனமாகின்றன. அதுவே ஜப்பானிய மூளைக் காய்ச்சல்.

பெயர் ஜப்பானியம் என்பதனால் இதை அயல்நாட்டு விஷயம் என்று தள்ளிவிட இயலாது. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது 1955ஆம் ஆண்டில், நமது வேலூரிலேயாகும். இதன் வைரஸ் கிருமி கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடம் குடியிருக்கிறது; பன்றியின் உடலில் பெருகுகிறது; அங்கிருந்து கொசுவின் மூலம் மனிதனை அடைகிறது. பெரும்பாலும் குழந்தைகளையே இது தாக்குகிறது. மூளை பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் ஆயுள் முழுதும் ஊனத்தோடு வாழ நேர்கிறது. நோயைத் தீர்க்கும் தனி மருந்து கிடையாது. 2005ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் இது ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்னரே, 2006 முதல் இந்திய சர்க்கார் நோய் கண்ட ஜில்லாக்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிற்று.

இனித் தஞ்சையின் நிலைமையைக் கவனிப்போம். எங்கு நோக்கினும் நெல் வயல், வயல்தோறும் கொசு. எனவே இந்நோய் இங்கேதான் தலைவிரித்தாட வேண்டும் என்று எவரும் எண்ணுவர். உண்மை வேறாக இருந்தது. தஞ்சை ஜில்லாக் கிராமக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, விஜயராணி, கஜானனா என்னும் ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இங்கே தொற்று குறைவு என்று காட்டிற்று. இதற்கு ஆராய்ச்சியாளர் கருதும் காரணம் தஞ்சையின் மாடுகள். வயல் கொசு மாட்டின் இரத்தத்தையே பெரிதும் விரும்புவது. மாட்டைக் கடிக்கும் கொசு வயிறு நிரம்பிப் பெருகலாம். ஆனால் மாட்டின் உடலில் இவ்வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகுவதில்லை. பன்றிகள் சிலவும் மாடுகள் பலவும் உள்ள நாட்டில் நோயின் சங்கிலி அறுந்துபோகிறது.

'நோயில்லாத ஊரில் காவல் எதற்கு?' என்று இதைக் கேட்டவர் வினவக்கூடும். இந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தஞ்சையைக் காத்தது சுகாதார இலாகாவின் கட்டளையன்று, மாட்டுக்கொட்டில். அக்கொட்டிலின் நிலையோ நம் கண்ணெதிரே மாறிவருகிறது. ஏர் மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. மாடு குறைந்தால் கொசுவும் குறையுமா, அல்லது மாட்டை நாடிய கொசு வேறு இரத்தத்தைத் தேடுமா? இக்கேள்விக்கு வீட்டிலிருந்து ஊகித்து விடை கூற முடியாது. ஊரூராகச் சென்று கணக்கெடுத்தே கூற முடியும்.

நோயாளி வரட்டும், பிறகு பார்ப்போம் என்பதும் பொருந்தாது. தொற்று அடைந்தோரில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவரே கடும் நோயாளியாகிறார். ஆகையால் ஒரு குழந்தை வலிப்புடன் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில், கிருமி அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கானவரை ஏற்கெனவே தீண்டியிருக்கும். மனிதனுக்கு முன்பே செய்தி சொல்லக்கூடியவை கொசுவும் பன்றியுமே. அந்தி வேளையில் மாட்டுக்கொட்டிலைச் சுற்றிக் கொசுக்களைப் பிடித்து, இனம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கூட்டிக் கிருமி உண்டா என்று சோதிக்கும் முறையை, 1985இல் மதுரையில் அமைந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பூச்சியியல் நிலையத்தார் கடலூர் ஜில்லாவில் ஆண்டுக்கணக்கில் கையாண்டனர். இளம் பன்றிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுவதும் முன்னெச்சரிக்கையாகும். வித்தை நம்மவர் கற்ற வித்தை; வேண்டுவது விடாமுயற்சி.

நாம் கோருவன இவை: குறுவை முதல் தாளடி வரை டெல்டாவில் கொசுக் கணக்கு இடைவிடாமல் எடுக்கப்பட வேண்டும். அதன் முடிவு இலாகாவின் கட்டுகளில் உறங்காமல், பஞ்சாயத்துகள்தோறும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். காய்ச்சலுடன் அறிவு மயங்கி வரும் ஒவ்வொரு நோயாளியையும், அரசாங்க ஆஸ்பத்திரியாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், உடனே தெரிவித்துச் சோதனை செய்விக்க வேண்டும். குறித்த தொற்று நோய்களை வைத்தியர் அறிவிக்க வேண்டும் என்னும் கடமையைச் சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே விதித்தது. அச்சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. ஏட்டிலுள்ள சட்டத்தை நாட்டில் நடத்துவதே குறை. நோய் கண்ட ஜில்லாவை நோக்கியே தடுப்பூசி செல்லும் நாட்டில், கணக்கில் ஏறாத குழந்தைக்குப் பாதுகாப்பும் எட்டாது என்பதை மறக்கலாகாது.

இந்தக் காவலின் பேரால் பன்றி வளர்க்கும் ஏழைகளைத் துன்புறுத்துவதும், கொக்கைக் கல்லால் அடிப்பதும் அறிவீனம். பன்றிக்கு ஊருக்கு வெளியே கொசு புகாத கொட்டில் அமைக்க உதவுவதே முறை. நெல்லையும் நாம் நிந்திக்க வேண்டியதில்லை. வயலை இடையிடையே காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சினால் கொசுப் புழு மாய்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள், தண்ணீரும் மிச்சமாகிறது. கடைமடைக்கு நீர் எட்டாமல் வருந்தும் நாட்டிற்கு இதைவிட இரட்டிப்பு லாபம் ஏது?

மாடுகள் இதுவரை செய்துவந்த காவலை இனி மனிதர் ஏற்க வேண்டும். சர்க்காரை இடித்துரைப்பதோடு நம் ஊழியர்களின் கடமை முடிந்துவிடாது. தத்தம் கிராமத்தில் கணக்கு எடுக்கப்படுகிறதா என்று கேட்டறிவதும், எடுக்க வருவோருக்குக் கொட்டிலைத் திறந்துவிடுவதும் தேசப் பணியே. சோழ நாடு சோறுடைத்து என்ற பெருமையோடு, அச்சோற்றை உண்ணும் குழந்தைகளின் நலமும் நிலைத்திருக்க வேண்டும்.