சொந்தமா பாட்டு எழுதுறீங்களா? 500 ரூபாய் காப்பிரைட் பதிவால் பலன் உண்டா?

திருவண்ணாமலை:

பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப்பாதை முழுக்க அண்ணாமலையார் பாட்டுதான். ஒரு காலத்தில் கேசட், பிறகு சி.டி., இப்போது யூடியூப். கம்பெனி துணை இல்லாமல் சொந்தமாக பாட்டு எழுதி, மெட்டு போட்டு வெளியிடுபவர்களுக்கு வரும் சந்தேகம் இதுதான்: காப்பிரைட் பதிவு செய்யணுமா? செஞ்சா என்ன லாபம்?

எழுதியதுமே உரிமை

1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டப்படி, பாட்டை எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவரும் வழக்கு போடலாம் என்று 2021-ல் மும்பை ஐகோர்ட்டு கூறியுள்ளது. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரிமை உண்டு.

அப்புறம் எதுக்கு பதிவு?

சாட்சிக்குத்தான். பதிவேட்டில் உள்ள விவரத்தை கோர்ட்டு முதல்நிலை ஆதாரமாக ஏற்கும். அது தவறு என்று நிரூபிப்பது எதிர்தரப்பின் வேலை. தனக்குத்தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, கவரை பிரிக்காமல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இந்த அந்தஸ்து கிடையாது.

செலவு எவ்வளவு?

பாடல் வரிகளுக்கு 500 ரூபாய். மெட்டுக்கு தனியாக 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2 ஆயிரம் ரூபாய். டெல்லி காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். அதன்பிறகே பரிசீலனை.

சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதுபவர்கள் உஷார்! வரிகள் மட்டுமே உங்களுடையது. மெட்டுக்கு சொந்தக்காரரின் அனுமதி வேண்டும்.

கையெழுத்தில் கவனம்

பாட்டு யாருடையது என்பதற்குத்தான் பதிவு சாட்சி. காசு யாருக்கு என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, தீ பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. சினிமா பாட்டு அல்ல, தனிப்பாட்டு. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டதும், பாட்டு யாருடையது என்று சர்ச்சை வெடித்தது. அதிலிருந்து வருமானமே வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். அத்தனை பேருக்கும் தெரிந்த பாட்டுக்கே இந்த நிலை!

உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012-ல் வந்த திருத்தப்படி, உரிமையை கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

ஆக, எல்லா பாட்டுக்கும் செலவழிக்க வேண்டியதில்லை. ஓடும் என்று தோன்றும் பாட்டுக்கு 500 ரூபாய் போடலாம், தப்பில்லை. ஆனால் வரி யார், மெட்டு யார், பங்கு எவ்வளவு என்பதை ரிக்கார்டிங் அன்றே பேப்பரில் எழுதி எல்லோரும் கையெழுத்து போட்டுக் கொள்ளுங்கள். அதுக்கு 500 ரூபாய்கூட ஆகாது.