கல்லாவுக்குப் பூட்டு உண்டு, மணிக்கட்டுக்கு?

இரவு கடையைச் சாத்தும்போது நாம் எதையெல்லாம் சரிபார்க்கிறோம்! கல்லா பூட்டியாயிற்றா, விளக்கு அணைத்தாயிற்றா, ஷட்டர் முழுதாக இறங்கிற்றா என்று ஒன்றுக்கு மூன்று முறை பார்க்கிறோம். இத்தனை பூட்டையும் பூட்டுகிற கையை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மளிகைக்காரருக்குக் கைதான் முதல். அந்த முதலுக்கே நஷ்டம் வரப் பார்த்த கதையைச் செஞ்சியிலிருந்து எழுதுகிறோம். வேறு யாருடைய கதையும் அல்ல, நம்முடையதுதான்.

தீபாவளிச் சரக்கும் மரத்த விரலும்

செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் மலையாகக் குவியும். நெல் விற்ற பணத்தோடு விவசாயி நேரே மளிகைக் கடைக்கு வருவார். அப்படிப்பட்ட ஒரு நாளின் வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பேர் வருகிறார்கள், ஆளுக்கு நான்கு சாமான் என்று வைத்துக்கொண்டால் 600 தடவை அள்ள வேண்டும், 600 தடவை நிறுக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபின், பல கடைகளில் தாளும் நூல்கண்டும் திரும்பி வந்தன. மடிப்பதும் முறுக்குவதும் முடிச்சிடுவதும் மணிக்கட்டு வேலைதான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. என்றதும் 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்தது. வரி மிச்சமானது உண்மை. அந்த ஒரு கிலோவையும் சேர்த்துத் தூக்கியது நம் கைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம், இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வரத் தொடங்கியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கையை உதறினால் சரியாகிவிடும். "தூக்கத்தில் கை மடங்கியிருக்கும்" என்று விட்டுவிட்டோம். பண்டிகை நெருங்கிய வாரத்தில் எண்ணெய் பாக்கெட் கையிலிருந்து நழுவியது. பொட்டலத்துக்கு முடிச்சு விழவில்லை. வரிசையில் நின்ற பழைய வாடிக்கையாளர் ஒருவர், "அப்புறம் வரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். மருத்துவரிடம் ஓடியது அதற்குப் பிறகுதான்.

அவர் சொன்ன விளக்கம் ஒவ்வொரு வணிகரும் அறிய வேண்டியது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு பட்டையான தசைநார் கூரைபோல் மூடியிருக்கிறது. அந்தக் குறுகிய சந்து வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. ஓயாத வேலையால் நாண்கள் வீங்கினால், இடமில்லாமல் நசுங்குவது அந்த நரம்புதான். சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். இரவில் கட்டிக்கொள்ள ஒரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார். சில வாரங்களில் மரப்பு குறைந்தது.

பம்பரத்தின் வித்தை

கை தேறியதும் பலம் ஏற்ற வேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டுப் பிள்ளைகள் ஒரு மணிக்கட்டுப் பந்தை வாங்கிவந்து கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூடு, அதற்குள் கனமான ஓர் உருளை. பாட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. நூலைச் சுற்றி இழுத்தோ கட்டைவிரலால் உருட்டியோ உருளையை முதலில் ஓட விட வேண்டும். பிறகு மணிக்கட்டை வட்டமாகச் சுழற்றினால் உருளை வேகம் பிடித்து 'விர்' என்று இரையும்.

இதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. சாட்டை சுற்றி விட்ட பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை ஆணியில் நின்று தூங்கும். வேகம் குறைந்தால் விழுந்துவிடாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டும். சுழலும் பொருளைச் சாய்க்கப் பார்த்தால், அது சாய்க்கிற பக்கம் போகாமல் குறுக்கே திரும்பும். 1852-இல் பாரிஸில் லியோன் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி இந்தக் குணமுள்ள கருவிக்கு ஜைராஸ்கோப் என்று பெயரிட்டார். அதைக் கைப்பந்துக்குள் வைத்து 1973-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஆர்ச்சி மிஷ்லர். நாம் மணிக்கட்டைச் சுழற்றும்போது உருளையின் அச்சு முனைகள் கூட்டின் பள்ளத்தில் அழுந்தி உருளுகின்றன. அந்த உராய்வுதான் வேகம் ஏற்றுகிறது. வேகம் ஏற ஏறக் கைக்கு எதிர்ப்பும் ஏறும். பந்தின் எடை சில நூறு கிராம்தான், ஆனால் ஓட்டத்தில் அதன் இழுவை எவ்வளவோ மடங்கு.

இங்கேதான் நாம் தவறினோம். விடியற்காலையில், குளிர்ந்த கையோடு, முதல் நாளே பத்து நிமிடம் முழு வேகத்தில் சுழற்றினோம். அடுத்த நாள் கட்டைவிரல் ஓரம் நெருப்பாய் எரிந்தது. "சூடேறாத கையில் வேகம் ஏற்றலாமா?" என்று இயன்முறை மருத்துவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

கோட்டைக்குள்ளேயே இருந்த பதில்

பதில் நம் ஊர்க் கோட்டையிலேயே இருந்தது. இராஜகிரி அடிவாரத்து உட்கோட்டையில் கல்யாண மகால், குதிரை லாயம், யானைக்குளம் ஆகியவற்றோடு பெரிய நெற்களஞ்சியமும் நிற்கிறது, உடற்பயிற்சிக்கூடமும் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றி வளைத்தும் எளிதில் விழாத கோட்டை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. களஞ்சியத்தில் தானியம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கிற கைக்கும் பயிற்சி வேண்டும் என்பது அந்தக் காலத்தவருக்குத் தெரிந்திருந்தது.

நம் சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை சுற்றுபவர்களைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய கட்டையைத் தொட மாட்டார்கள். வெறுங்கையில் தோளையும் மணிக்கட்டையும் சுழற்றி, பிறகு சிறு கட்டை, அதன்பின்தான் பெரியது. இந்தியாவில் கண்ட கட்டைப் பயிற்சியை வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. கருவி எதுவானாலும் முதலில் சூடேற்று, பிறகு பலமேற்று என்பதே வரிசை.

நாம் இப்போது செய்வது

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே தொடங்குகிறோம். காலையில் நம் கை தூக்கும் முதல் பாரம் அந்த ஷட்டர்தானே.

முதலில் வெறுங்கைப் பயிற்சி. கையை இறுக மூடி, விரல்களை அகல விரிப்பது 15 முறை. மணிக்கட்டை இரு பக்கமும் மெல்லச் சுழற்றுவது பத்துப் பத்து முறை. வணக்கம் சொல்வதுபோல் கைகூப்பி, முழங்கைகளை விரித்துக் கைகளைக் கீழே இறக்கி 20 வினாடி நிறுத்துவது. கையை நீட்டி, மறு கையால் விரல்களைத் தன் பக்கம் மெல்ல இழுப்பது. இதற்கு மூன்று நிமிடம் போதும்.

அடுத்துப் பந்து. கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, பந்தை இறுக்காமல் பிடித்து, மெல்லிய இரைச்சல் அளவில் ஒரு நிமிடம் சுழற்றுகிறோம். பிறகு மறு கைக்கு ஒரு நிமிடம். காலையில் இதற்குமேல் போவதில்லை. வேகமேற்றும் பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாலையில், மூட்டை இறக்கும் வேலை இல்லாத நேரத்தில்தான். முதல் இரண்டு வாரம் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. மூட்டை இறக்கிக் களைத்த கைக்கு வேண்டியது ஓய்வு, பந்து அல்ல.

மளிகைக்காரருக்கென்று ஓர் எச்சரிக்கை. எண்ணெய்க் கையோடும் மாவுக் கையோடும் பந்தைத் தொடாதீர்கள். எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும் என்று நினைப்பதும் தவறு. உராய்வுதான் அதன் உயிர். எண்ணெய் பட்டால் அச்சு வழுக்கி உருளை நின்றுவிடும். கூட்டின் திறப்பில் உருளை வேகமாக ஓடுவதால் கடைக்கு வரும் குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது.

பந்து மருந்தல்ல. விரல் மரத்திருக்கும்போதும், வீக்கம் இருக்கும்போதும், கட்டைவிரல் ஓரம் வலிக்கும்போதும் அதை எடுக்கக்கூடாது. இரவில் மரப்பு எழுப்பினால், கையிலிருந்து பொருள் நழுவினால், கட்டைவிரல் அடிச்சதை வற்றினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் போன பலம் முழுதும் திரும்பாமலே போகலாம். பந்து வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் குறையில்லை. வெறுங்கைப் பயிற்சிக்குச் செலவு ஒன்றுமில்லை.

எதிர்க்கடைக்குப் போன வாடிக்கையாளர் பொங்கலுக்குத் திரும்பி வந்தார். அவருக்கு நாமே பொட்டலம் மடித்து முடிச்சுப் போட்டோம். முடிச்சு இறுகியபோது மனதில் ஏற்பட்ட நிம்மதி, அந்த வருட லாபக் கணக்கில் எழுதாத லாபம்.

வணிக நண்பர்களே, தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம், வாகனத்துக்குக் காப்பீடு கட்டுகிறோம். நாளைக் காலை ஷட்டரைத் தூக்குமுன் கைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். நம் வியாபாரம் அவர்கள் கையிலும்தான் இருக்கிறது.