பஸ்சில் கெட்டுப்போகாத தீபாவளி பலகாரம்... ரெண்டே பேருக்கு ராத்திரி விருந்து!

சென்னை:

தீபாவளி நெருங்கிவிட்டால் சென்னை பாதி காலியாகிவிடும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலும், எழும்பூர், தாம்பரம் ரெயில் நிலையங்களிலும் கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொருத்தர் கையிலும் துணிப்பை ஒன்று, பலகாரப்பை ஒன்று.

துணிப்பை பத்திரமாக ஊர் போய் சேர்ந்துவிடும். பலகாரப்பைதான் பாடாய்ப்படுத்தும். ஊரில் போய் திறந்தால் முறுக்கு நமுத்திருக்கும். பால் ஸ்வீட் புளித்திருக்கும். வழியில் சாப்பிட கட்டிய சாதம் ஊசிப்போயிருக்கும். அது தெரியாமல் குழந்தை சாப்பிட்டுவிட்டால், தீபாவளி காலையில் எண்ணெய் குளியலுக்கு பதிலாக ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கணும்.

இன்னொரு பக்கம், ஊருக்கே போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். அந்த பஸ்சை ஓட்டும் டிரைவர், டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், ஆஸ்பத்திரி நர்சு, பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்... இவங்க வீட்டில் எல்லாம் தீபாவளி ராத்திரிதான் ஆரம்பிக்கும். வீட்டில் இருப்பதோ ரெண்டு பேர், மூணு பேர். 'இதுக்குப் போய் விருந்து எதுக்கு?' என்று பலர் ஓட்டல் பார்சலோடு முடித்துக்கொள்கிறார்கள்.

வழிக்கு எதை கட்டலாம், எதை கட்டக்கூடாது? ரெண்டு பேருக்கு அளவாக விருந்து சமைப்பது எப்படி? விவரம் வருமாறு:-

தண்ணிதான் எதிரி

உணவு கெட்டுப்போக முக்கிய காரணம் அதில் உள்ள ஈரம். ஈரம் இருந்தால் கிருமி வளரும். ஈரத்தை எடுத்துவிட்டால் கிருமிக்கு வேலை இல்லை. சர்க்கரை, வெல்லம் நிறைய சேர்ந்தாலும் அது ஈரத்தை பிடித்து வைத்துக்கொள்ளும். புளிப்பு அதிகம் என்றாலும் கிருமி சீக்கிரம் பெருகாது.

நம்ம பாட்டிமார் இந்த கணக்கை பாடம் படித்து தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அவங்க ஊருக்கு கட்டிக்கொடுத்த முறுக்கு, அதிரசம், பொருள்விளங்காய் உருண்டை, புளியோதரை எல்லாமே இந்த கணக்கில் அப்படியே பொருந்தும்.

தாராளமாக கட்டலாம்

முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, காராசேவு ஆகியவை முதல் இடம். எண்ணெயில் போட்டதும் 'சளசள' என்று சத்தம் வரும். அந்த சத்தம் அடங்கினால்தான் உள்ளே உள்ள தண்ணி போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன் எடுத்தால் ரெண்டே நாளில் நமுத்துவிடும்.

சூட்டோடு டப்பாவில் போட்டு மூடக்கூடாது. ஆவி உள்ளேயே தண்ணியாகி முறுக்கில் இறங்கும். நன்றாக ஆறின பிறகுதான் மூடணும்.

அடுத்தது அதிரசம். பாகு பதமாக இருந்து, எண்ணெயை நன்றாக அழுத்தி எடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கேதார கவுரி நோன்பு இருக்கும் வீடுகளில் எப்படியும் இதை செய்வார்கள். கூட ரெண்டு ஈடு போட்டால் ஊருக்கும் ஆச்சு.

பயத்தம் உருண்டை, மாலாடு, கடலை உருண்டை, மைசூர்பாகு எல்லாம் பயணத்துக்கு ஏற்றவை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டு வெல்லமும் நெய்யும் விட்டு கிளறிய தீபாவளி லேகியமும் கெடாது. வழியில் வயிறு 'கம்'முன்னு இருந்தாலும் கைகொடுக்கும்.

இதை தொடாதீங்க

ரசகுல்லா, பாசந்தி, ரசமலாய், பால்கோவா, கலாகண்ட் மாதிரி பால் பலகாரங்களை தென்மாவட்ட பஸ்சில் ஏற்றவே கூடாது. ஊரில் இறங்கின பிறகு அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிறவர்கள் சென்னையில் இருந்து பால்கோவா தூக்கிக்கொண்டு போவானேன்?

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். தட்டில் வைத்து விற்கும் ஸ்வீட்டுக்கும் 'எந்த தேதி வரை சாப்பிடலாம்' என்று எழுதி வைக்கணும் என இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி இது அமலுக்கு வந்தது. தேதி இல்லையா? கூச்சப்படாமல் கேளுங்க.

பஸ்சில் என்ன சாப்பிடுவது?

கிளாம்பாக்கத்தில் இருந்து நெல்லைக்கு சாதாரண நாளிலேயே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பண்டிகை நேரத்தில் செங்கல்பட்டு தாண்டவே பொறுமை போய்விடும். எனவே ராத்திரி சாப்பாட்டை கையோடு கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் இங்கேதான் கவனம் தேவை. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் கிருமிகள் மளமளவென்று பெருகும்.

அதிலும் சாதத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அரிசியில் இருக்கும் ஒரு வகை கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாக கிடக்கும்போது அது முளைத்து விஷத்தை கக்கும். அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடும்.

அதனால் மதியம் வடித்த சாதத்தில் புளியோதரை கிளறவே கூடாது. கிளம்புவதற்கு முன் புதுசாக வடிச்சு, தட்டில் பரப்பி சீக்கிரம் ஆறவைத்து, புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டு கிளறுங்க. புளிப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் மறுநாள் வரைக்கும் வைத்திருக்கக்கூடாது. பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில் காலி பண்ணிவிடணும். மிச்சம் இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்க.

மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி, தக்காளி தொக்கு வைத்த சப்பாத்தி இவையும் ராத்திரி வேளைக்கு சரி. தேங்காய் சட்னி, சாம்பார், முட்டை, கறி வகைகள் வேண்டவே வேண்டாம். விடியற்காலை பசிக்கு வாழைப்பழம், பிஸ்கட், முறுக்கு இருந்தால் போதும்.

கட்டுவதற்கு நியூஸ் பேப்பர் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். தீயில் லேசாக வாட்டிய வாழை இலை அல்லது எவர்சில்வர் டப்பாதான் சரி.

ரெயிலில் போகிறவர்கள் 'உள்ளேயே சூடு பண்ணிக்கலாம்' என்று அடுப்பு, சிலிண்டர் எதையும் கொண்டு போகக்கூடாது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நின்ற சுற்றுலா ரெயில் பெட்டியில் 9 பேர் கருகி பலியானார்கள். தடையை மீறி உள்ளே கொண்டு போன சமையல் கியாஸ் சிலிண்டர்தான் அதற்கு காரணம்.

ரெண்டு பேருக்கு ராத்திரி விருந்து

இப்போது ஊருக்கு போகாதவர்கள் விஷயத்துக்கு வருவோம். சின்ன வீட்டில் விருந்து சமைக்கும்போது நடக்கும் பெரிய தப்பு, அம்மா வீட்டு அளவில் போடுவது. பத்து பேருக்கு பண்ணின கை அப்படித்தான் போகும். மிச்சம் மூணு நாளைக்கு பிரிட்ஜில் கிடக்கும்.

வகை நாலு போதும். தேங்காய்ப்பால் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் அல்லது கோழி குழம்பு, உளுந்து வடை, சேமியா பாயசம். இலை போட்டால் இதுவே நிறைந்த விருந்துதான்.

அளவு இதுதான்:-

* சீரக சம்பா அரிசி ஒரு டம்ளர். அதற்கு தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், தண்ணி ஒரு டம்ளர். குக்கரில் 2 விசில்.

* உருளைக்கிழங்கு கால் கிலோ. கோழி என்றால் அரை கிலோ.

* உளுத்தம்பருப்பு 100 கிராம். எட்டு வடைக்கு குறையாது.

* சேமியா 50 கிராம், பால் அரை லிட்டர், சர்க்கரை 75 கிராம். முந்திரி, திராட்சை கைக்கு வந்தபடி.

டியூட்டி முடிந்து ஆள் வர ராத்திரி 9 மணி ஆகும் என்றால் சமையலை அதற்கு தகுந்த மாதிரி பிரித்துக்கொள்ளணும். மாலை 5 மணிக்கு உளுந்தை ஊறப்போடலாம். 6 மணிக்கு மேல் தண்ணி அதிகம் விடாமல் அரைத்து பிரிட்ஜில் வைத்துவிடலாம். உப்பை அப்போது போடக்கூடாது. போட்டால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும். சுடும்போது போட்டால் போதும்.

வெங்காயம் நறுக்குவது, தேங்காய்ப்பால் எடுப்பது, சேமியாவை நெய்யில் வறுப்பது எல்லாம் 7 மணிக்குள் முடிக்கலாம். தேங்காய்ப்பாலையும் பிரிட்ஜில்தான் வைக்கணும். வெளியில் வைத்தால் திரிந்துவிடும்.

8 மணிக்கு குழம்பு. எட்டரைக்கு குக்கர். பிறகு பாயசம். பாயசம் ஆற ஆற இறுகும் என்பதால் அரை டம்ளர் பாலை தனியாக காய்ச்சி வைத்துக்கொண்டு பரிமாறும்போது விட்டுக்கொள்ளலாம். வடையை மட்டும் முன்னாடியே சுட்டு வைக்காதீங்க. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் எண்ணெயில் போட்டால்தான் மொறுமொறுப்பு.

மிச்சம் இருந்தால் 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்கு போயிடணும். மறுநாள் குழம்பை கொதிக்க கொதிக்க சூடு பண்ணி சாப்பிடலாம். பொரித்த எண்ணெயை வடிகட்டி ரெண்டொரு நாளில் தாளிப்புக்கு தீர்த்துவிடுங்க. கறுத்துப்போன எண்ணெயில் மறுபடி மறுபடி பொரித்தால் உடம்புக்கு கெடுதல்.

நாள் முழுக்க அடுத்தவங்களை ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு ஆறிப்போன பார்சலை பிரித்து வைப்பதைவிட, எட்டே எட்டு வடை என்றாலும் சூடாக சுட்டு இலையில் வைத்தால் அந்த ராத்திரியே அவருக்கு தீபாவளிதான்.