சுழலும் இயந்திரத்துக்கு மூடி இருக்கிறதா?

அக்கரப்பத்தனைப் பகுதியில் தேயிலைத் தொழிற்சாலையை நம் மக்கள் ‘ஸ்டோர்’ என்றே சொல்வார்கள். வயலும் தோட்டமுமாக மண்ணோடு வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்த பின் இத்தகைய ஸ்டோரிலோ, நெல் ஆலையிலோ, மரம் அரியும் ஆலையிலோ வேலைக்குச் சேர நேரிடுகிறது. மண்வெட்டியை நாம் நிறுத்தினால் அது நிற்கும். இயந்திரம் அப்படியல்ல. காணியை இழந்து வந்தவர்களுக்கு மிஞ்சியிருக்கும் முதல் இரண்டு கைகள்தாம். அவற்றைக் காக்கும் வழியை இங்கு பார்ப்போம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கொழுந்தை வாட்டும் தொட்டியின் விசிறி, அரைக்கும் ரோலர், உலர்த்தி, சலிக்கும் இயந்திரம் ஆகிய யாவும் சுழற்சியால் இயங்குபவை. முன்னாளில் ஒரே எஞ்சின் நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து பெல்ட்டுகள் எல்லா இயந்திரங்களையும் ஓட்டின. இன்று பெரும்பாலும் தனித்தனி மோட்டார்கள் உள்ளன. ஆயினும் பெல்ட், கப்பி, சங்கிலி, பற்சக்கரம் ஆகியவை மறைந்துவிடவில்லை. பெல்ட் கப்பிக்குள் நுழையும் இடமும், இரு பற்சக்கரங்கள் கூடும் இடமும் கையை உள்ளே இழுக்கும் வாய்களாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கப்பி நிமிடத்துக்கு 300 தடவை சுழன்றால், பெல்ட் ஒரு செக்கனில் ஏறத்தாழ 4.7 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கையைப் பின்னிழுக்க நமக்கு ஏறத்தாழ கால் செக்கன் வேண்டும். அதற்குள் பெல்ட் ஒரு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். எனவே, “கவனமாக இரு” என்ற புத்திமதி மட்டும் போதாது. மூடி வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களைப் பத்திரமாக அடைத்து வைக்கும் பொறுப்பைத் தொழிற்சாலையை நடத்துபவர் மீது சுமத்துகிறது. கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் நெல் ஆலையும் மரம் அரியும் ஆலையும் இதற்குள் அடங்கும். சர்வதேச தொழில் தாபனம் 1963இல் ஏற்றுக்கொண்ட 119ஆம் இலக்கச் சமவாயம், காப்பு இல்லாத இயந்திரத்தில் வேலை செய்யும்படி எந்தத் தொழிலாளியையும் பணிக்கக் கூடாது என்கிறது. காப்பு இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யக் கூடாது என்று தொழிலாளிக்கும் அது சொல்கிறது.

நாம் பார்க்க வேண்டியவை

1. பெல்ட், கப்பி, சங்கிலி, பற்சக்கரம், விசிறி ஒவ்வொன்றுக்கும் மூடியோ வலைக்கூடோ உண்டா? முன்பக்கம் மட்டும் மூடிப் பின்பக்கம் திறந்திருந்தால் அது காப்பாகாது.

2. மூடி போல்ட் போட்டு இறுக்கப்பட்டுள்ளதா? கயிற்றால் கட்டிய மூடி அதிர்வில் விழுந்துவிடும்.

3. வலையின் கண் வழியே விரல் உள்ளே போய்ச் சுழலும் பாகத்தைத் தொடுமா? இதை இயந்திரம் நின்றிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

4. நிறுத்தும் பொத்தான் வேலை செய்பவரின் கைக்கு எட்டுமா? அது உண்மையில் நிறுத்துகிறதா?

5. துப்புரவு செய்யவோ சிக்கலை எடுக்கவோ கழற்றிய மூடி, திரும்பவும் பூட்டப்பட்டதா? “பிறகு போடலாம்” என்று சுவரோரம் சாய்த்து வைத்த மூடி யாரையும் காக்காது.

மூடியைக் கழற்றுமுன் பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டி, திறப்பை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். சுவிட்சை நிறுத்திய பின்னும் விசிறி சிறிது நேரம் சுழலும். முற்றாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மின்வெட்டின்போது இயந்திரம் தானாக நின்றுவிட்டது என்று கையை விடலாகாது. மின்சாரம் திரும்பியதும் சில மோட்டார்கள் தாமாகவே ஓடத் தொடங்கும். முந்தானை, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த சாரம், மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

குறை கண்டால்

புதிதாக வேலைக்கு வந்தவர் வாய் திறக்க அஞ்சுவது இயல்பே. தனியே போகாமல் இரண்டு மூன்று பேராக, சங்கம் உள்ள இடத்தில் தலைவரையும் கூட்டிக்கொண்டு, டீமேக்கரிடமோ முதலாளியிடமோ சொல்லலாம். எந்த இயந்திரம், எந்தப் பாகம், எந்தத் திகதி என்று எழுதிக் கொடுத்து ஒரு பிரதியை நாம் வைத்துக்கொள்வது நல்லது. பயன் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் அத்திணைக்களத்தில் உள்ளனர்.

விபத்து நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். மருத்துவச் சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் எந்த நட்டஈடும் போன விரலைத் திருப்பித் தராது. ஒரு தகரமும் நான்கு போல்ட்டும் அதைவிட மலிவானவை. நாளைக் காலை சுவிட்சைப் போடுமுன் இயந்திரத்தை ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள்.