ஈவ் ஆன்லைனில் கூட்டுப் போர்த் திட்டமிடல்

ஈவ் ஆன்லைனில் கூட்டுப் போர்த் திட்டமிடல் என்பது, ஈவ் ஆன்லைன் என்னும் அறிவியல் புனைவுப் பாத்திரமேற்று விளையாட்டில், நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான விளையாட்டாளர்கள் ஒன்றுகூடி விண்வெளிப் போர்களைத் திட்டமிட்டு நடத்தும் முறையைக் குறிக்கும். இவ்விளையாட்டை ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கில் அமைந்துள்ள சிசிபி கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, மே 6, 2003 அன்று வெளியிட்டது.

பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் போருக்கான காரணத்தையும் அதன் போக்கையும் உருவாக்குநர்களே முன்கூட்டி எழுதி வைத்துவிடுகின்றனர். ஈவ் ஆன்லைனில் எவரோடு, எப்போது, எதற்காகப் போரிடுவது என்பதை விளையாட்டாளர்களே முடிவு செய்கின்றனர். எனவே படை திரட்டல், தளவாடங்களைக் கொண்டு சேர்த்தல், உளவு, தூது, நிதி மேலாண்மை ஆகிய அனைத்தும் அவர்களுடைய பொறுப்பாகிவிடுகின்றன. இவ்விளையாட்டின் பெரும் போர்கள் பலவற்றில், களத்தில் காட்டிய திறமையைவிட, முன்னேற்பாட்டில் நேர்ந்த சிறு பிழைகளே முடிவைத் தீர்மானித்துள்ளன.

பின்னணி

விளையாட்டு நிகழும் கற்பனை உலகம் நியூ ஈடன் எனப்படுகிறது. இதில் 7,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. சீனாவுக்கெனத் தனி வழங்கி ஒன்று உண்டு. ஏனைய நாடுகளைச் சேர்ந்த விளையாட்டாளர்கள் அனைவரும் டிரான்குவிலிட்டி என்னும் ஒரே வழங்கியில், ஒரே உலகில் விளையாடுகின்றனர். ஆகவே ஒரு மண்டலத்தில் நிகழும் போரின் விளைவு அனைவருக்கும் பொதுவானது.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு அளவு உண்டு. அளவு மிகுந்த மண்டலங்களில் சட்டத்தை மீறித் தாக்குவோரைக் கணினியால் இயக்கப்படும் காவற்படை அழித்துவிடும். சுழியமும் அதற்குக் கீழும் உள்ள மண்டலங்களில் அத்தகைய காவல் எதுவும் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை விளையாட்டாளர்களின் கூட்டணிகள் கைப்பற்றி ஆட்சி செய்யலாம். பெரும் போர்களில் மிகுதியானவை இம்மண்டலங்களிலேயே நடைபெறுகின்றன.

இவ்விளையாட்டில் இழப்பு நிலையானது. அழிந்த விண்கலம் மீண்டு வராது. காப்பீடு ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கலத்தைக் கட்டி முடிக்கப் பலரின் உழைப்பும் பல வாரக் காலமும் தேவை. அது சில நிமிடங்களில் அழிந்துவிடக்கூடும். போர் தொடங்குமுன் நீண்ட ஆலோசனை நடைபெறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

குழுக்களின் அமைப்பு

விளையாட்டாளர்கள் கார்ப்பரேஷன் எனப்படும் குழுக்களில் சேர்கின்றனர். பல கார்ப்பரேஷன்கள் இணைந்தது கூட்டணி. பல கூட்டணிகள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு பெருங்கூட்டணியாகச் செயல்படுவதும் உண்டு. முதல் இரண்டும் மென்பொருளில் வரையறுக்கப்பட்ட அமைப்புகள். பெருங்கூட்டணி என்பதோ வாய்மொழி உடன்பாடு மட்டுமே. அதனைக் காப்பாற்ற நம்பிக்கையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெரிய கூட்டணிகளில் படைத்தலைவர்கள், தளவாடப் பொறுப்பாளர்கள், உளவுப் பிரிவினர், தூதர்கள், நிதிப் பொறுப்பாளர்கள், நிரலாளர்கள் எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இவர்கள் அனைவரும் ஊதியமின்றிப் பணிபுரியும் விளையாட்டாளர்களே. கணக்கு வழக்குகளின் மிகுதியால் இவ்விளையாட்டை 'விண்வெளியில் விரிதாள்' எனக் கேலியாகக் குறிப்பிடுவதுண்டு. 2022ஆம் ஆண்டில் விளையாட்டின் தரவுகளை எக்செல் மென்பொருளுடன் இணைக்கும் வசதியைச் சிசிபி நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அறிவித்தன.

திட்டமிடலின் கூறுகள்

காலம்

விளையாட்டாளர்கள் உலகின் எல்லாப் பகுதிகளிலும் வாழ்வதால், போர் எந்த நேரத்தில் நடக்கிறது என்பது முக்கியமான கேள்வியாகும். விண்வெளிக் கட்டமைப்பு ஒன்று தாக்கப்பட்ட உடனே அழிந்துவிடாது. சேதம் குறிப்பிட்ட அளவை எட்டியதும், அது சில காலத்துக்குத் தாக்க இயலாத காப்புநிலைக்குச் செல்லும். காப்புநிலை எந்த நேரத்தில் முடிய வேண்டும் என்பதில் பாதுகாக்கும் தரப்பின் விருப்பத்துக்கு விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே அத்தரப்பு தன் உறுப்பினர்கள் மிகுதியாக விழித்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்.

எடுத்துக்காட்டாக, சனவரி மாதத்தில் அனைத்துலக நேரம் 19:00 மணிக்கு ஒரு காப்புநிலை முடிகிறது எனக் கொள்வோம். அப்போது மாஸ்கோவில் இரவு 10 மணி, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணி, சிட்னியில் மறுநாள் காலை 6 மணி. ஐரோப்பியர்களுக்கு அது வசதியான நேரம். அமெரிக்கர் பலர் பணியில் இருப்பர். ஆஸ்திரேலியர்கள் கடிகார மணி வைத்து விழிக்க வேண்டியிருக்கும்.

கலக் கோட்பாடு

ஒரு படையணியில் அதிகபட்சமாக 256 பேர் இடம்பெறலாம். அவர்கள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு கலங்களைக் கொண்டுவந்தால், வேகமும் சுடும் தொலைவும் வேறுபட்டு அணி சிதறிவிடும். எனவே எந்தக் கலம், அதில் எந்தக் கருவிகள் என்பதைக் கூட்டணி முன்கூட்டியே வரையறுக்கிறது. இது கோட்பாடு எனப்படும்.

இதன் தேவையை எளிய கணக்கால் விளக்கலாம். பகைவரின் கலம் 1,00,000 புள்ளி சேதத்தைத் தாங்கும் எனவும், நம் கலம் ஒவ்வொன்றும் ஒரு முறை சுட்டால் 1,000 புள்ளி சேதம் விளையும் எனவும் கொள்வோம். 100 கலங்கள் ஒரே நொடியில் ஒரே இலக்கைச் சுட்டால் அது உடனே அழியும். பகைவரின் சீரமைப்புக் கலங்கள் அதைக் குறிவைத்து உதவி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே 100 கலங்கள் பத்து இலக்குகளைப் பிரித்துச் சுட்டால், ஒவ்வொன்றும் 10,000 புள்ளிகளை மட்டுமே இழக்கும். சீரமைப்புக் கலங்கள் அவ்விழப்பை எளிதில் சரிசெய்துவிடும். முதல் வகையில் ஒரு கலம் அழிகிறது. இரண்டாம் வகையில் எதுவும் அழிவதில்லை.

தளவாடம்

போர் நடக்கும் பகுதிக்கு அருகிலுள்ள ஒரு மண்டலத்தைக் கூட்டணி தன் முன்தளமாகக் கொள்கிறது. கலங்கள், வெடிபொருட்கள், எரிபொருள் ஆகியவை போருக்குப் பல நாட்கள் முன்பே அங்குக் கொண்டு சேர்க்கப்படுகின்றன. கலத்தை இழந்தவர் உடனே வேறொன்றில் ஏறித் திரும்பக் களம் புக இது உதவுகிறது. கூட்டணியின் கட்டளைப்படிச் சென்று கலத்தை இழந்தவருக்குப் பொது நிதியிலிருந்து ஈடு வழங்குவதும் பரவலான வழக்கம். இவ்வுறுதி இல்லையெனில் சாதாரண உறுப்பினர்கள் தம் உடைமையைப் பணயம் வைக்கத் தயங்குவர்.

உளவும் இரகசியமும்

பகைவரின் கூட்டணியில் போலியாகச் சேர்ந்து தகவல் திரட்டுவதை விளையாட்டின் விதிகள் தடை செய்வதில்லை. ஆகவே ஆயிரம் பேர் கேட்கும் குரல்வழி உரையாடலில் ஒற்றர் ஒருவராவது இருப்பார் எனக் கருதியே படைத்தலைவர்கள் செயல்படுகின்றனர். முழுத் திட்டம் சிலருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு எந்தக் கலத்தில், எத்தனை மணிக்கு, எங்குக் கூட வேண்டும் என்பது மட்டுமே அறிவிக்கப்படும். எதற்கென்று அறியாமலேயே பலர் கூடுகின்றனர்.

தூது

உடன்பாடுகளைப் பேசி முடிப்பதும், பகைவரின் நட்புகளைப் பிரிப்பதும் தூதர்களின் பணி. கூன்ஸ்வார்ம் கூட்டணியின் தூதராக வைல் ராட் என்ற பெயரில் அறியப்பட்டவர் ஷான் ஸ்மித். இவர் மெய்யுலகிலும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தகவல் மேலாண்மை அலுவலர் ஆவார். செப்டம்பர் 11, 2012 அன்று லிபியாவின் பெங்காசி நகரில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவாக, பல தரப்புகளைச் சேர்ந்த விளையாட்டாளர்கள் தம் விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

களத்தில் கட்டளை

போர் தொடங்கியதும் குரல்வழி உரையாடலில் படைத்தலைவர் மட்டுமே பேசுவார். இலக்கின் பெயரை அவர் அறிவித்ததும் அனைவரும் அதனைச் சுடுவர். வேவுக் கலங்கள் பகைவரின் எண்ணிக்கையையும் நகர்வையும் தெரிவிக்கும். மறிப்புக் கலங்கள் பகைவர் தப்பிச் செல்லாமல் தடுக்கும். படைத்தலைவரின் கலம் அழிந்தால் எவர் பொறுப்பேற்பது என்பதும் முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கும்.

பெருங்கலங்கள் தொலைவிலுள்ள மண்டலத்துக்குத் தாவ, அம்மண்டலத்தில் தோழர் ஒருவர் ஒளிக்குறி ஏற்ற வேண்டும். டைட்டன் கலம் தானே அக்குறியை நோக்கித் தாவலாம். அல்லது தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, மற்றக் கலங்கள் செல்வதற்குப் பாலம் அமைக்கலாம். ஒளிக்குறியை எப்போது ஏற்றுவது என்பது படைத்தலைவரின் மிகக் கடினமான முடிவுகளுள் ஒன்றாகும். பெருங்கலங்கள் களம் புகுந்த பின் பின்வாங்குவது அரிது.

வழங்கியின் எல்லை

ஆயிரக்கணக்கானோர் ஒரே மண்டலத்தில் கூடும்போது, வழங்கியால் எல்லாக் கட்டளைகளையும் உரிய நேரத்தில் கணிக்க இயலாது. இதற்குத் தீர்வாகக் கால விரிவு என்னும் முறை புகுத்தப்பட்டது. சுமை கூடும்போது அம்மண்டலத்தில் விளையாட்டின் காலம் மெதுவாகிறது. இது 10 விழுக்காடு வரை குறையலாம். அந்நிலையில் விளையாட்டின் ஒரு நொடி மெய்யுலகில் 10 நொடிகளாகும். 20 மணி நேரம் அவ்வாறு போரிட்டாலும் விளையாட்டின் காலத்தில் 2 மணி நேரமே கழிந்திருக்கும்.

போர்க்களத்தில் மட்டுமே காலம் மெதுவாவதால், தொலைவிலுள்ள துணைப்படைகள் வந்து சேரப் போதிய அவகாசம் கிடைக்கிறது. இதனால் சிறு மோதல்களும் பெரும் போர்களாக வளர்கின்றன. பெரும் போர் நிகழும் எனத் தெரிந்தால், விளையாட்டாளர்கள் சிசிபி நிறுவனத்துக்கு முன்னறிவிப்பு அனுப்பி, அம்மண்டலத்துக்கு வலுவான கணினியை ஒதுக்குமாறு கோரலாம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கலைப்பு (2009)

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அக்காலத்தின் மிக வலிமையான கூட்டணிகளுள் ஒன்று. பிப்ரவரி 2009ல் அதன் உயர் பொறுப்பாளர் ஒருவர் பகைவரான கூன்ஸ்வார்மின் பக்கம் சேர்ந்தார். தமக்கு வழங்கப்பட்டிருந்த அதிகாரத்தைக் கொண்டு கூட்டணியையே கலைத்துவிட்டார். பல ஆண்டுப் போர்களில் வென்ற மண்டலங்களின் ஆட்சியுரிமை இதனால் பறிபோனது.

அசகாய் போர் (2013)

சனவரி 2013ல் அசகாய் மண்டலத்தில் நடந்த சிறு மோதலுக்குப் படைகளை அனுப்ப, டைட்டன் கலத்தின் ஓட்டுநர் ஒருவர் பாலம் அமைக்க முற்பட்டார். தவறுதலாகத் தாவுவதற்கான கட்டளையைத் தந்துவிட்டதால், அவருடைய டைட்டன் தனியாகப் பகைவர் நடுவே போய்ச் சேர்ந்தது. அதைக் காக்க ஒரு தரப்பும் அழிக்க மறு தரப்பும் படைகளைக் குவித்தன. ஏறத்தாழ 3,000 பேர் இதில் பங்கேற்றனர்.

பி-ஆர்5ஆர்பி போர் (2014)

பி-ஆர்5ஆர்பி மண்டலம் பாண்டமிக் லீஜன், என்3 ஆகிய தரப்புகளின் முன்தளமாக இருந்தது. அப்போதைய விதிகளின்படி ஆட்சியுரிமைக்கு உரிய காலத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். அது செலுத்தப்படாமல் போனதால் மண்டலத்தின் உரிமை நீங்கியது. எதிர்த்தரப்பினர் உடனே உள்நுழைந்தனர். சனவரி 27, 28 ஆகிய நாட்களில் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த இப்போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 75 டைட்டன்கள் அழிந்தன. அவற்றுள் 59 பாண்டமிக் லீஜன்–என்3 தரப்பினுடையவை. இழப்பின் மதிப்பு 3,00,000 அமெரிக்க டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருளின் விலையைக் கொண்டு மாற்றிப் பெற்ற மதிப்பே இது. உண்மையில் அழிந்தது விளையாட்டாளர்களின் பல மாத உழைப்பாகும்.

எம்2-எக்ஸ்எஃப்இ போர் (2020)

சூலை 2020ல் இம்பீரியம் என்னும் பெருங்கூட்டணிக்கு எதிராகப் பல கூட்டணிகள் இணைந்து போர் தொடுத்தன. டிசம்பர் 30, 31 ஆகிய நாட்களில் எம்2-எக்ஸ்எஃப்இ மண்டலத்தில் 257 டைட்டன்கள் அழிந்தன. கின்னஸ் நிறுவனம் இதனைப் பொருளிழப்பில் மிகப் பெரிய காணொளி விளையாட்டுப் போராகப் பதிவு செய்தது. சில நாட்களுக்குப் பின் தாக்குதல் தரப்பு அதே மண்டலத்தில் மீண்டும் பெரும்படையுடன் நுழைய முயன்றபோது, வழங்கி சுமை தாங்காமல் பல கலங்கள் முறையாக வந்து சேராமலேயே அழிந்தன. எண்ணிக்கையில் பெரிய தரப்பால் இறுதி அரணைக் கைப்பற்ற இயலவில்லை. ஆகஸ்ட் 2021ல் முற்றுகை கைவிடப்பட்டது.

மனித உழைப்பும் விமர்சனங்களும்

இத்தகைய திட்டமிடல் மிகுந்த காலத்தைக் கோருகிறது. நள்ளிரவில் விழித்தல், பணி நேரத்தில் அழைப்புகளைக் கவனித்தல், பல மணி நேரம் காத்திருந்தும் போர் நிகழாமல் போதல் ஆகியவை பரவலான குறைகள். படைத்தலைவர்கள் சோர்வுற்று விலகுவதும், அவர்கள் விலகியதும் கூட்டணி தளர்வதும் அடிக்கடி காணப்படுகின்றன. எனவே பகைவரின் கலங்களை அழிப்பதைவிட, அவர்கள் விளையாட வரும் ஊக்கத்தைக் குலைப்பதையே சில தரப்புகள் போர் உத்தியாகக் கொள்கின்றன.

மறுபுறம், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பல நாட்டவர், எந்தச் சட்டக் கட்டாயமும் இன்றி, பல்லாண்டுகள் ஒரே அமைப்பாக இயங்குவது பலருடைய கவனத்தை ஈர்த்துள்ளது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டில் தன் சேகரிப்புக்குத் தேர்ந்த முதற் காணொளி விளையாட்டுகளுள் ஈவ் ஆன்லைனும் ஒன்று. இவ்விளையாட்டின் தொடக்க காலப் போர்களின் வரலாற்றை ஆண்ட்ரூ க்ரோன் 'எம்பயர்ஸ் ஆஃப் ஈவ்' என்ற நூலாக 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார்.