அதே சரிவு, அதே கோணம்

மக்கள் பெருகினால் மண் பாழாகும் என்றுதானே நினைக்கிறோம்? கென்யாவின் மச்சாக்கோஸ் மலைப்பகுதிக்குப் போய்ப் பார்ப்போமா?

1937-இல் அங்கே எடுத்த புகைப்படங்களில் தெரிவதெல்லாம் மொட்டைச் சரிவுகளும் மழை அரித்த பள்ளங்களும்தான். இந்த நிலம் பாலைவனமாகிக்கொண்டிருக்கிறது என்று அறிக்கையே எழுதினார், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் மண்வள அதிகாரி.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்வாளர்கள் அந்தப் பழைய படங்களோடு அதே இடங்களைத் தேடிப்போய் நின்று மறுபடி படம் எடுத்தார்கள். அதற்குள் மக்கள்தொகை பல மடங்கு பெருகியிருந்தது. ஆனால் சரிவெல்லாம் படிக்கட்டு போன்ற வயல்கள், ஓரமெல்லாம் மரங்கள்!

அங்கே வாழும் அகாம்பா உழவர்கள் செய்த வேலை இது. சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேல்பக்கமாக வீசி வரப்பு எழுப்பினார்கள். வரப்பு மழைத்தண்ணீரை மறித்தது. மண்ணும் ஓடாமல் தங்கியது. இதில் பெண்களின் உழைப்பைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். இன்று உன் நிலம், நாளை என் நிலம் என்று முறைவைத்து, கூட்டாகச் சேர்ந்து மண்ணை வெட்டினார்கள் அந்த ஊர்ப் பெண்கள்.